பள்ளியில் மாணவியருக்கான தோழமை வழிகாட்டல் குழுவைத் தொடங்குவது எப்படி?

புதிய பள்ளிக்கு வந்திருக்கும் பதினொரு வயதுப் பெண்ணின் மனத்தில் முதல் வாரம் முழுவதும் ஓடுகிற கேள்விகள் பெரும்பாலும் பாடத்தைப் பற்றியவையாக இருப்பதில்லை. எந்தக் கழிவறையின் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மாதவிடாய் வந்துவிட்டால் யாரிடம் சொல்வது, இரண்டாவது முறையும் சந்தேகம் கேட்டால் கணித ஆசிரியர் கோபித்துக்கொள்வாரா, மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பன போன்ற கேள்விகளே அவளை அரிக்கின்றன. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம் தடுக்கிறது. வீட்டிலுள்ளவர்களுக்கு அந்தப் பள்ளியின் உள்விவகாரம் தெரியாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவளோ தன்னைப் போலவே விழித்துக்கொண்டிருக்கிறாள். விடை தெரிந்தவள் இரண்டு மூன்று வகுப்பு மேலே படிக்கும் ஓர் அக்காதான், ஏனெனில் அவளும் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே தாழ்வாரத்தில் இதே தயக்கத்தோடு நின்றவள்.

அந்த அக்காவும் இந்தத் தங்கையும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதற்குக் காத்திராமல், குறித்த நாளில், குறித்த இடத்தில், பள்ளியின் அறிவோடும் பொறுப்போடும் சந்திக்க வழிசெய்வதைத்தான் தோழமை வழிகாட்டல் குழு என்கிறோம். ஆசிரியையாக இருந்து இத்தகைய குழுவை நடத்தியதில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மூத்த மாணவி எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்பதைவிட, வருவதாகச் சொன்ன நாளில் அவள் வருகிறாளா என்பதே குழுவின் உயிர்நாடி. கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்கானவை.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

இக்குழுவைத் தொடங்க நினைப்பவர் ஆசிரியராக இருக்கலாம், மேல்வகுப்பு மாணவியாகவும் இருக்கலாம். மாணவியாக இருந்தால், நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியையை முதல் நாளிலிருந்தே உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியராக இருந்தால், நான்கைந்து மாணவியரை அழைத்து உட்கார வைத்து, அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். 1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது. அந்த உரிமையை மதிப்பது ஒருபுறமிருக்க, இது நடைமுறைக்கும் உகந்தது. பெரியவர்கள் தாமே முடிவுசெய்த தலைப்புகளோடு தொடங்கும் குழுவுக்கு மாணவியர் இரண்டு வாரம் மரியாதைக்காக வருவார்கள், மூன்றாம் வாரம் வேறு வேலை வந்துவிடும்.

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். குழுவின் நோக்கம் ஒரே வாக்கியத்தில், எத்தனை மாணவியர், எந்த அறை, எந்த நாள், எவ்வளவு நேரம், யார் பொறுப்பு, சிக்கல் வந்தால் யாரிடம் தெரிவிக்கப்படும் என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். பொறுப்பாசிரியர்கள் இருவர் இருப்பது அவசியம். ஒருவர் விடுப்பில் போனாலும் கூட்டம் நின்றுவிடக் கூடாது. இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மாணவியருக்கு மட்டும் ஏன் தனிக் குழு என்ற கேள்வி நிச்சயம் எழும். உடல் மாற்றங்கள், கேலி, தொல்லை ஆகியவற்றைப் பற்றிப் பெண்பிள்ளைகள் தயக்கமின்றிப் பேசுவதற்குத் தனி இடம் வேண்டியிருக்கிறது என்று நேராகவே சொல்லிவிடலாம்; மாணவர்களுக்கும் இப்படியொரு குழு தேவைதான், அதை அவர்களுக்காக வேறொருவர் முன்னின்று தொடங்கட்டும்.

பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை ஒரு சடங்காக எண்ணாதீர்கள். மகள் வாரத்தில் ஒரு நாள் தாமதமாக வருகிறாள், அங்கே என்ன பேசுகிறார்களோ என்ற ஐயம் வீட்டில் முளைத்தால், முதலில் பாதிக்கப்படுபவள் அந்தப் பெண்தான். குழுவில் பேசப்படும் பொருள்கள் எவை, உடனிருக்கும் ஆசிரியர் யார், எத்தனை மணிக்கு முடியும் என்பதை எளிய சொற்களில் எழுதி அனுப்புங்கள். கையொப்பம் வராத வீடுகளோடு ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஆறு மூத்த மாணவியரும் ஆறு இளைய மாணவியரும் முதல் ஆண்டுக்குப் போதும். நாற்பது பேரோடு தொடங்கி ஏழு பேராகச் சுருங்குவதைவிட, ஆறு இணைகளாகத் தொடங்கி ஆறு இணைகளாகவே ஆண்டை முடிப்பது மேல்.

அக்காவாக இருக்க யார் தகுதியானவர்?

இந்த இடத்தில்தான் பள்ளிகள் வழக்கமாகத் தவறுகின்றன. முதல் மதிப்பெண் வாங்குபவள், மேடையில் பேசுபவள், மாணவர் தலைவி என்று ஏற்கெனவே பத்துப் பொறுப்புகளைச் சுமப்பவர்களையே பதினோராவது பொறுப்புக்கும் அழைத்துவிடுகிறோம். அவர்களுக்கு நேரமும் இருப்பதில்லை. திணறிக்கொண்டிருக்கும் சிறுமிக்கு அவர்களைப் பார்த்தால் நம்பிக்கையைவிடக் கூச்சமே மிகுகிறது. ஒரு பாடத்தில் தோற்று மீண்டவள், இடையில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள், நெருங்கிய தோழியோடு மனம் முறிந்து தனியாக ஓர் ஆண்டைக் கடந்தவள் ஆகியோரிடம் கேட்டுப் பாருங்கள். தாமே முன்வருவோரை வரவேற்பதோடு, முன்வரத் தயங்குபவர்களைத் தனியாக அழைத்து, “உன்னால் முடியும் என்று நினைக்கிறேன்” என்று சொல்வதும் உங்கள் வேலைதான்.

ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். இந்தப் பள்ளியில் உனக்கு மிகக் கடினமாக இருந்த காலம் எது, அப்போது யாராவது என்ன செய்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்ற கேள்விகளே போதும். “நான் நிறைய அறிவுரை சொல்வேன்” என்பவளைவிட, சற்று யோசித்துவிட்டு, “யாராவது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்” என்பவள் இந்தப் பணிக்கு நெருக்கமானவள். அதன்பின் அவளுடைய தேர்வுக் கால அட்டவணையையும் பிற பொறுப்புகளையும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு நாள் அவளால் உண்மையிலேயே வர முடியாதென்றால், அன்போடு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் நடத்திய முதல் குழுவில் தேர்வு அட்டவணையைப் பார்க்காமலே சந்திப்பு நாட்களைக் குறித்துவிட்டேன். மூன்றாம் மாதத்தில் மூத்த மாணவியரில் நால்வர் ஒருவர்பின் ஒருவராக வராமல் போனார்கள். அந்த வாரங்களில் ஒரு மாலை, நூலகத்தின் ஓரத்தில் ஒரு சிறுமி இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றில் தான் அமர்ந்து, மற்றதன் மேல் தன் ஓவியக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அக்காவுக்குக் காட்டுவதற்காக வரைந்து வந்த படம். அன்று அக்கா வரவில்லை. வரமாட்டாள் என்று அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் அந்தச் சிறுமியும் வரவில்லை. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வயதுவந்தோர் இளையோருக்கு வழிகாட்டும் இணைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையைப் பிறகுதான் படித்தேன். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் இளையோர் அதிக நன்மை அடைந்திருந்தார்கள். மூன்று மாதங்களுக்குள் அறுந்துபோன உறவுகளில் இருந்தவர்களுக்கோ தம்மைப் பற்றிய மதிப்பே குறைந்திருந்தது. பாதியில் கைவிடப்படும் தோழமை, தொடங்காத தோழமையைவிடக் கூடுதலாகக் காயப்படுத்தக்கூடும்.

தங்கைகளைத் தேர்ந்தெடுக்கையில், “பிரச்சினைக்குரிய பிள்ளைகள்” என்று பட்டியலிட்டு அவர்களை மட்டும் திரட்டாதீர்கள். அக்குழுவில் சேர்வதே ஒரு முத்திரையாகிவிடும். தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்டு, பிரான்சுவா பூலான் ஆகிய மூவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வழிதவறும் வாய்ப்பு மிகுந்த இளையோரை ஒன்றாகக் குழுவில் சேர்ப்பது சில வேளைகளில் அவர்களுடைய சிக்கலான நடத்தையை வளர்த்துவிடுவதைக் காட்டியது. புதிதாகச் சேர்ந்த வகுப்பிலிருந்து விருப்பமுள்ள யாரும் வரலாம் என்று அறிவித்துவிட்டு, உங்கள் கவலைக்குரிய ஓரிருவரைத் தனியே ஊக்கப்படுத்திச் சேர்ப்பதே நல்லது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஏற முடியாத மாடியில் கூட்ட அறை இருக்கலாகாது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பயிற்சி

மூத்த மாணவியருக்கு ஒரு மணிநேர அமர்வுகள் குறைந்தது நான்கு வேண்டும். முதல் இரண்டு அமர்வுகளையும் செவிமடுப்பதற்கே ஒதுக்குங்கள். எளிய பயிற்சி ஒன்று இருக்கிறது. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருத்தி இரண்டு நிமிடம் தனக்கு நேர்ந்த சிறு சங்கடம் ஒன்றைச் சொல்ல, மற்றவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்க வேண்டும், பிறகு, தான் கேட்டதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லி, “நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?” என்று மட்டும் கேட்க வேண்டும். முதல் முறை எல்லோரும் சிரித்துவிடுவார்கள். இரண்டாவது முறை அறை அமைதியாகும். “எனக்கும் இப்படித்தான் நடந்தது” என்று குறுக்கிடும் ஆசை எவ்வளவு வலியது என்பதை அந்த இரண்டு நிமிடத்தில் ஒவ்வொருத்தியும் தானே உணர்ந்துகொள்வாள்.

மூன்றாவது அமர்வில் ரகசியத்தின் எல்லையைக் கற்பியுங்கள். மூத்த மாணவி முதல் சந்திப்பிலேயே தன் தங்கையிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “நீ சொல்வதை நான் மற்றவர்களிடம் பேச மாட்டேன், ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், நம் பொறுப்பாசிரியையிடம் கட்டாயம் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடமும் தெரிவிப்பேன்.” இதை மனப்பாடமாகச் சொல்லும்வரை பழக்குங்கள். ஆபத்து என்பது என்ன என்பதையும் வெளிப்படையாக எழுதி வையுங்கள்: யாராவது அடிப்பது அல்லது தகாத முறையில் தொடுவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, பட்டினி கிடப்பது, படங்களைக் காட்டி மிரட்டுவது, கட்டாயத் திருமணப் பேச்சு ஆகியவை. இவற்றில் எது காதில் விழுந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். பொறுப்பாசிரியர் அதைப் பள்ளியின் ஆலோசகரிடமோ உரிய அதிகாரியிடமோ கொண்டுசெல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இன்னொரு பெண்ணின் உயிரைத் தன் மௌனத்தால் காக்க வேண்டிய நிலை ஒருபோதும் வரக் கூடாது. அந்தச் சுமையை அவள் தோளில் ஏற்றுவது பெரியவர்களாகிய நம் குற்றம்.

நான்காவது அமர்வுக்கான பொருளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உளவியல் ஆய்வாளர் அமண்டா ரோஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, தோழியர் இருவர் ஒரே மனக்குறையைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அசைபோடும் பழக்கத்தை விவரித்தது. அப்படிப் பேசுவதால் நட்பு நெருக்கமாகிறது, ஆனால் மனச்சோர்வும் கூடுகிறது. சிறுவர்களைவிடச் சிறுமியரிடமே இப்பழக்கம் மிகுதி. வழிகாட்டல் குழுவில் இது மிக எளிதாக நுழைந்துவிடும், ஏனெனில் வெளியிலிருந்து பார்க்கையில் அது ஆழமான தோழமையாகவே தோன்றும். மூன்று வாரமாக ஒரே தோழியின் துரோகத்தைப் பற்றியே பேச்சு நடக்கிறதென்றால், “இந்த வாரம் இதில் நாம் செய்யக்கூடிய சின்னக் காரியம் என்ன?” என்று கேட்கவோ, எழுந்து சற்று நடந்துவிட்டு வரவோ மூத்த மாணவியருக்குப் பழக்கம் வேண்டும்.

இணை சேர்ப்பதும் முதல் சந்திப்பும்

இருவருக்கும் இடையே இரண்டு வயதாவது வேறுபாடு இருப்பது நல்லது; ஒரே வயதினர் என்றால் போட்டியும் ஒப்பீடும் வந்துவிடும். விருப்பமான விளையாட்டு, படிக்கும் புத்தகங்கள், பள்ளிக்கு வரும் வழி, வீட்டில் பேசும் மொழி என ஏதேனும் ஒன்று பொதுவாக இருந்தால் பேச்சு தொடங்க எளிதாக இருக்கும். உறவினரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளையும் இணை சேர்க்க வேண்டாம். முதல் மாத முடிவில் இருவரையும் தனித்தனியே அழைத்து, இந்த இணை சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றிக்கொள்ள விரும்பினால் அது யாருடைய குறையும் அன்று என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைத்திருங்கள்.

முதல் சந்திப்பில் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஆசிரியரின் மேசையை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது போன்ற பெரிய கேள்விகளால் தொடங்காதீர்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். பள்ளியின் வரைபடத்தை ஒவ்வோர் இணையும் வரையட்டும் என்று நான் சொல்வது வழக்கம்: நல்ல தண்ணீர் கிடைக்கும் குழாய், நிழல் உள்ள இடம், சத்தமில்லாமல் படிக்கும் மூலை, தாழ்ப்பாள் சரியாக விழும் கழிவறை, அழுகை வந்தால் போய் உட்காரக்கூடிய படிக்கட்டு. கடைசியாகச் சொன்னதை நான் கேட்டிருக்கவில்லை. ஓர் அக்கா தானாகவே அதைக் குறித்துக் காட்டினாள். எதிரே இருந்த சிறுமி நிமிர்ந்து பார்த்து, “நீங்களும் அழுவீங்களா அக்கா?” என்று கேட்டாள். அந்த இணைக்கு அதன்பின் என் உதவி அதிகம் தேவைப்படவில்லை.

வாரந்தோறும் நடத்துவது

நாற்பத்தைந்து நிமிடம் போதுமானது. முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக, அடுத்த இருபத்தைந்து நிமிடம் இணைகளாக அதே அறையில், கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் ஒன்றாக. இணைகள் தனி அறைக்குச் செல்ல வேண்டாம். ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், காதுக்கு எட்டாத தொலைவில் அமர்வதே சரியான ஏற்பாடு. வர முடியாத மூத்த மாணவி முன்கூட்டியே தன் தங்கையிடம் நேரில் சொல்ல வேண்டும். திடீரென வராமல் போனால், அந்தத் தங்கையோடு அன்று உட்கார ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அதற்காகவே ஆறு பேர் தேவைப்படும் இடத்தில் எட்டு மூத்த மாணவியருக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருங்கள்.

பேசும் பொருள்களுக்கு ஒரு பெட்டி வையுங்கள். பெயர் எழுதாமல் சீட்டுப் போடச் சொன்னால், மாதவிடாய், தேர்வுப் பயம், தோழியர் கூட்டத்திலிருந்து ஒதுக்கப்படுவது, நிறத்தையும் எடையையும் சொல்லிக் கேலி செய்வது, அனுப்பச் சொல்லிக் கேட்கப்படும் படங்கள் என்று ஆண்டு முழுவதற்கும் போதுமானவை முதல் மாதத்திலேயே வந்து சேரும். உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு மூத்த மாணவி தன் ஊகத்தைச் சொல்லாமல், மருத்துவரையோ செவிலியரையோ ஒருமுறை அழைத்துப் பேசச் செய்யுங்கள். மாதவிடாய்க்கான அணையாடைகளும் மாற்று உடையும் அறையின் அலமாரியில் எப்போதும் இருக்கட்டும், எடுப்பவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற விதியோடு. குழுவில் பேசுவதற்கு வராத பிள்ளைகளும் அந்த அலமாரிக்கு வருவார்கள்.

கைபேசி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். இணைகள் தமக்குள் தனியே செய்தி அனுப்பிக்கொள்ளத் தொடங்கினால், நள்ளிரவில் ஒரு சிறுமி எழுதும் துயரமான செய்தியைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு சிறுமி தனியாகச் சுமக்க நேரிடும். சந்திப்பு பள்ளியில், பள்ளி நேரத்தோடு ஒட்டி, நேரில் மட்டுமே. அவசரத்துக்குப் பெரியவர் யாரை அழைப்பது என்பதை ஒவ்வொருத்தியும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பேசாத சிறுமியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வாரம், ஆறு வாரம் வாய் திறக்காமல் வந்து போகும் பெண்கள் உண்டு. அவள் வருகிறாள் என்பதையே பதிலாக எடுத்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லுங்கள். சேர்ந்து வரையலாம், புதிர்க் கட்டம் போடலாம், அருகருகே அமர்ந்து வீட்டுப்பாடம் செய்யலாம்.

மூத்த மாணவியரைத் தாங்குவது யார்?

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மூத்த மாணவியர் மட்டும் பொறுப்பாசிரியரோடு அரைமணி நேரம் உட்கார வேண்டும். பெயர்களைச் சொல்லாமல், தம்மைக் கனக்கச் செய்தது என்ன என்று பேசட்டும். பிறருக்குத் துணைநிற்கும் பெண் தன் வருத்தத்தை மறைத்துக்கொள்வதில் தேர்ந்தவளாகிவிடுகிறாள். முகம் வாடியிருப்பதைக் கவனித்து, “இந்த இரண்டு வாரம் நீ ஓய்வெடுத்துக்கொள், உன் தங்கையிடம் நாம் இருவரும் சேர்ந்து சொல்வோம்” என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தை மட்டும் எந்த நெருக்கடியிலும் ரத்து செய்யாதீர்கள்.

பதிவேட்டில் தேதி, வந்தவர்கள், பேசிய பொது விஷயம் ஆகியவற்றை எழுதினால் போதும். யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைக்கக் கூடாது. ஆபத்து குறித்துத் தெரிவிக்கப்பட்டவை மட்டும் தனியே, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஆண்டில் இருமுறை இளைய மாணவியரிடம், பெயர் எழுதாத தாளில், உனக்கு ஒரு சிக்கல் வந்தால் பள்ளியில் யாரிடமாவது சொல்வாயா, உன் அக்கா வருவதாகச் சொன்ன நாட்களில் வந்தாளா, இதில் எதை மாற்ற வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான விடைகளை நான் முதலில் படிப்பேன்.

ஐக்கிய நாடுகள் அவையின் அறிவிப்பால் 2012 முதல் அக்டோபர் 11 சர்வதேசப் பெண் குழந்தைகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் குழுவைத் தொடங்கலாமே என்று பள்ளி நிர்வாகம் விரும்பக்கூடும். பயிற்சி முழுவதும் முடிந்திருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். முடியவில்லையென்றால் நாளுக்காகக் குழுவை அவசரப்படுத்தாதீர்கள்.

ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கடைசிச் சந்திப்பின் தேதியை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். விடைபெறுவதற்கு என்று ஒரு சந்திப்பை முழுதாக ஒதுக்கி, ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுக்கட்டும். அடுத்த ஆண்டும் இணையாகத் தொடர விரும்புகிறவர்கள் தொடரலாம். பள்ளியை விட்டுச் செல்லும் அக்காக்களிடம், புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களுக்கான முதல் அமர்வை நடத்தித் தரும்படி கேளுங்கள். முதல் ஆண்டில் வரைந்த பள்ளி வரைபடங்களை அவர்கள் கையாலேயே புதியவர்களுக்குக் கொடுக்கச் செய்யுங்கள், பழுதடைந்த தாழ்ப்பாள்களைத் திருத்திக் குறித்துவிட்டு.